ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை: போர்டு போய்விட்டதா?

தம்பி, நீளமாக எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்பது இரண்டே விஷயம். ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ரேம், ஆர்எக்ஸ் 6600 கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) எல்லாம் 55,000 ரூபாய்க்குள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, வீட்டில் நீங்களே பூட்டியிருக்கிறீர்கள். பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் சுற்றுகின்றன, மானிட்டரில் ‘நோ சிக்னல்’ மட்டும் வருகிறது. போர்டு செத்துவிட்டதா, நாளைக்கே கடையில் கொடுத்து மாற்றிவிடலாமா என்பது முதல் கேள்வி. கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதே, அதனால் ஏதாவது எரிந்திருக்குமா என்பது இரண்டாவது. பல வருடமாக சிஸ்டம் அசெம்பிளியும் சர்வீஸும் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: போர்டை இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். புதிதாகப் பூட்டிய மெஷின் இப்படி நின்றால் பெரும்பாலும் ஒரு பாகமும் கெட்டிருக்காது. ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை, அல்லது ஒரு ஒயர் போடப்படவில்லை. ஷாக் விஷயம் தனி. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் அதைச் சரிசெய்யாமல் மெஷினைத் தினமும் ஓட்ட வேண்டாம்.

முதலில், ஃபேன் சுற்றுவதை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்று பார்ப்போம். எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகிறது, பவர் பட்டன் ஒயர் சரியான பின்னில் இருக்கிறது. அவ்வளவுதான். பிராசசர் வேலை செய்கிறது என்றோ, ரேம் கிடைத்துவிட்டது என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. பிராசசருக்குப் போகும் தனி பவர் ஒயரே போடாவிட்டாலும் ஃபேன்கள் சுற்றும். அதனால் ‘ஃபேன் ஓடுதே, அப்புறம் ஏன் டிஸ்ப்ளே வரல’ என்று குழம்ப வேண்டியதில்லை.

எச்டிஎம்ஐ கேபிளை நண்பர் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். ஆனால் உங்கள் சிஸ்டத்தில் அதை எந்த போர்ட்டில் செருகினீர்கள் என்று சொல்லவில்லை. கேபினட்டின் பின்பக்கம் இரண்டு இடத்தில் எச்டிஎம்ஐ இருக்கும். மேலே யுஎஸ்பி போர்ட்களுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டுடையது. கீழே குறுக்குவாட்டில் இருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது. ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. அதனால் மதர்போர்டு போர்ட்டில் செருகினால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் ‘நோ சிக்னல்’தான். 5600ஜி போன்ற, பெயரில் ‘ஜி’ இருக்கும் பிராசசர்களுக்காகத்தான் போர்டில் அந்த போர்ட்டை வைத்திருக்கிறார்கள். இன்டெலில் 12100எஃப் மாதிரி ‘எஃப்’ என்று முடியும் பிராசசர்களுக்கும் இதே கதை. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, அதனால் முதலில் இதைப் பாருங்கள். மானிட்டரில் ‘இன்புட் சோர்ஸ்’ எச்டிஎம்ஐயில் இருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பவர் ஒயர். மூன்று இடத்தில் கட்டாயம் வேண்டும். போர்டின் வலது ஓரத்தில் பெரிய 24 பின், இடது மேல் மூலையில் பிராசசருக்கான 8 பின், கிராபிக்ஸ் கார்டின் மேல் விளிம்பில் இன்னொரு 8 பின். முதல் முறை பூட்டுகிறவர்கள் அதிகம் விட்டுவிடுவது அந்த மேல் மூலை 8 பின்னைத்தான். கேபினட்டில் போர்டை ஏற்றிய பிறகு அந்த இடம் ஃபேனுக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும், டார்ச் அடித்தால்தான் தெரியும். பிராசசருக்கான பிளக் 4+4 என்று இரண்டு சம பாதியாகப் பிரியும், அதில் பெரும்பாலும் ‘சிபியு’ என்று அச்சிட்டிருக்கும். கார்டுக்கான பிளக் 6+2 என்று பிரியும். இரண்டையும் மாற்றிச் செருக முடியாதபடி ஓட்டைகளின் வடிவத்தை வேறுவேறாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பலம் கொடுத்துத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் எதிரெதிர் வரிசையில் இருப்பதால் அப்படித் திணித்தால் ஷார்ட்தான். உள்ளே போகவில்லை என்றால் பிளக்கை மறுபடி பாருங்கள், பலம் கொடுக்காதீர்கள். உங்களுடையது ஒயர்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால், அதனுடன் வந்த ஒயர்களை மட்டுமே போடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல்கூட வேறு. வேறு எஸ்எம்பிஎஸ் ஒயர் பொருந்தியதே என்று போட்டு எஸ்எஸ்டியைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இப்போது ரேம். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: போர்டில் நான்கு ஸ்லாட், இரண்டு ரேமும் பிராசசருக்குப் பக்கத்து முதல் இரண்டு ஸ்லாட்டில். அது சரியான இடம் இல்லை. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடும்போது, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் இருக்கும், மேனுவலிலும் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். முதல் இரண்டும் ஒரே சேனலை, அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவில் டேட்டா போகும் ஒரே பாதையைச் சேர்ந்தவை. அங்கே போட்டால் மெஷின் ஓடலாம், ஆனால் ரேமின் வேகத்தில் பாதியைத்தான் பிராசசர் பயன்படுத்தும். சில போர்டுகள் அப்படி ஓடவும் மறுக்கும். உங்கள் போர்டு எந்த வகை என்று படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. அதனால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை, ஆனால் எப்படியும் மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றும்போது அழுத்துவதைக் கவனியுங்கள். புது ஸ்லாட் ரொம்ப டைட்டாக இருக்கும். பல போர்டுகளில் மேல் பக்கம் மட்டும்தான் பூட்டு அசையும், கீழ்ப் பக்கம் அசையாது. மேல் பக்கம் ‘டக்’ என்றதும் முடிந்துவிட்டது என்று கையை எடுத்துவிடுவோம், கீழ் முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். ரேமின் அடியில் இருக்கும் தங்க நிறப் பட்டை ஒரு முனையில் மறைந்து இன்னொரு முனையில் கோடாகத் தெரிந்தால் அது உட்காரவில்லை. இரண்டு கட்டைவிரலையும் இரு முனைகளில் வைத்து, போர்டு லேசாக வளைவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நேராக அழுத்த வேண்டும். பயமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த அழுத்தம் தேவை. ‘டிஸ்ப்ளே வரல’ என்று என் மேஜைக்கு வரும் புது மெஷின்களில் நான் முதலில் கை வைப்பது ரேமில்தான், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டையும் ஒருமுறை கழற்றிவிட்டு, ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் கொக்கி மாட்டும் வரை அழுத்திப் போடுங்கள். இதையெல்லாம் செய்யும் முன் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்து ஆன் செய்ததும் உடனே அணைக்க வேண்டாம். முதல் முறை ஆன் ஆகும்போது போர்டு ரேமின் டைமிங்கைத் தேடிப் பிடிக்கும். அந்த நேரத்தில் தானாக அணைந்து ஒன்றிரண்டு முறை மறுபடி எழுவதும் உண்டு, உங்கள் ரேம் வகையான டிடிஆர்4-இல் ஓரிரு நிமிடம் கொடுத்தால் போதும். ஏஎம்டியின் புது ஏஎம்5 சாக்கெட் போர்டில் டிடிஆர்5 ரேம் போட்டவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு இது பல நிமிடம்கூட இழுக்கும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறி நடுவில் அணைத்து அணைத்துப் போட்டால் அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

காத்திருக்கும்போது போர்டின் ஓரத்தைப் பாருங்கள். இப்போதைய பல போர்டுகளில் நான்கு குட்டி எல்இடி வரிசையாக இருக்கும், பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். ‘மஞ்சள் லைட் எரியுது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதன் பக்கத்து எழுத்துதான் வேண்டும். சோதனையின் எந்தப் படியில் மெஷின் நின்றுபோனதோ அந்த எல்இடி அணையாமல் எரியும். டிராம் என்றால் ரேம். விஜிஏ என்றால் கார்டு அல்லது அதன் பவர். பூட் என்றால் சந்தோஷப்படுங்கள், விண்டோஸ் இன்னும் போடவில்லை என்பதுதான் அதன் குறை, டிஸ்ப்ளே வந்திருக்க வேண்டும். சிபியு என்று நின்றால்தான் கொஞ்சம் சிக்கல். அந்த எல்இடி இல்லாத மலிவு போர்டு என்றால், கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் குட்டி ஸ்பீக்கரை வாங்கி முன்பக்க பின்களில் மாட்டுங்கள். அது அடிக்கும் பீப் கணக்குக்கு அர்த்தம் மேனுவலில் இருக்கும்.

சிக்கல் என்றேனே, அது பயாஸ், அதாவது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். பி450 சிப்செட் 2018-இல் வந்தது. உங்கள் பிராசசர் 2022 ஏப்ரலில் வந்தது. கடையில் பழைய ஸ்டாக்காகக் கிடந்த போர்டு என்றால், அதன் பயாஸுக்கு இந்த பிராசசரை அடையாளமே தெரியாமல் இருக்கலாம். அப்போதும் இதே அறிகுறிதான்: ஃபேன் சுற்றும், திரை கறுப்பு. சிபியு எல்இடி எரியலாம், டிராம் எரியலாம், ஒன்றுமே எரியாமலும் இருக்கலாம். அதனால் எல்இடியை வைத்து மட்டும் இதை உறுதிசெய்ய முடியாது. போர்டு பெட்டியில் ‘ரைசன் 5000 ரெடி’ என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். சில போர்டுகளில் பயாஸ் சிப்பின் மேலோ, 24 பின் சாக்கெட்டின் பக்கவாட்டிலோ பயாஸ் வெர்ஷன் எண் ஒட்டியிருக்கும். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் பக்கத்தில் ‘சிபியு சப்போர்ட்’ பட்டியல் இருக்கும், அதில் 5600-க்கு நேரே குறைந்தபட்சம் எந்த பயாஸ் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருந்தால், எஃப்ஏடி32 ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, மேனுவல் சொல்லும் பெயரை வைத்து, அது காட்டும் யுஎஸ்பி போர்ட்டிலேயே செருகி, பிராசசர் ஓடாமலேயே அப்டேட் செய்யலாம். எல்லா பி450 போர்டிலும் இந்த வசதி இல்லை. இல்லாவிட்டால் வாங்கிய கடையில் ஒரு பழைய ரைசனைப் போட்டு அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். பிராசசரும் போர்டும் ஒரே கடையில் ஒரே பில்லில் வாங்கியிருப்பதால் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. வீட்டில் செய்வதென்றால் கரண்ட் போகாத நேரமாகப் பாருங்கள், பாதியில் கரண்ட் போனால் பயாஸ் கெட்டுவிடும்.

பயாஸும் சரி, இன்னும் வரவில்லை என்றால் போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பளபளக்கும் பையின் மேல் வைக்காதீர்கள், அதன் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. பிராசசர், கூலர், ஏ2 ஸ்லாட்டில் ஒரே ஒரு ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், மானிட்டர், இவை மட்டும். எஸ்எஸ்டி, முன்பக்க யுஎஸ்பி, ஆர்ஜிபி லைட் எதுவும் வேண்டாம். பவர் பட்டன் போகும் இரண்டு பின்னை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். வெளியே வைத்தால் வந்து, உள்ளே வைத்தால் வரவில்லை என்றால், கேபினட்டில் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களைப் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் நின்று அடிப்பக்க சால்டரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளியேயும் வரவில்லை என்றால் ரேமை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பிறகு பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்டுங்கள், பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

பிராசசரை மட்டும் காரணமில்லாமல் கழற்றாதீர்கள். உங்களுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் பிராசசரில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. கூலரை நேராக மேலே இழுத்தால், நடுவில் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பேஸ்ட்டின் பிடிப்பில் பிராசசரும் பூட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளையும். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது கஷ்டம். கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, பேஸ்ட் விட்ட பிறகு தூக்குங்கள். ஸ்க்ரூவை முழுதாக எடுக்கும்போது பின்னால் இருக்கும் உலோகத் தகடு விழுந்துவிடும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஷாக். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலிலேயே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) பாடிக்கும் நடுவில் ஒன்று, நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒன்று என்று இருக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் அதில் கசியும் கொஞ்சநஞ்ச மின்சாரம் எர்த்தில் இறங்கிவிடும். எர்த் இல்லாத வீட்டில் கேபினட் முழுக்க 230-இல் ஏறக்குறைய பாதி வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் சுரீர் என்று மட்டும் இருக்கும். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா, மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸா என்று முதலில் பாருங்கள். பிளக் பாயின்ட்டில் எர்த் ஓட்டை இருந்தும், உள்ளே ஒயரே போடாமல் விட்ட வீடுகள் நம் ஊரில் ஏராளம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டில் எர்த் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள், நீங்களே டெஸ்டரை வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். எர்த் சரியாக இருந்தும் ஷாக் அடித்தால் அப்போது எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம், உடனே மாற்றுங்கள். ஷாக்கால் ஏதாவது எரிந்திருக்குமா என்றால், அந்தக் கசிவு மட்டும் போர்டைக் கொல்வது அரிது. ஆனால் எர்த் இல்லாத சிஸ்டத்தை ஆனில் வைத்துக்கொண்டு டிவி அல்லது மானிட்டரின் எச்டிஎம்ஐயைச் செருகும்போது, அந்த வித்தியாசம் போர்ட் வழியாக இறங்கி எச்டிஎம்ஐ போனதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி நடந்திருக்குமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும், அந்தக் கேபிளும் ஒன்று கிடைத்தால் போட்டுப் பாருங்கள். இனிமேல் டிஸ்ப்ளே கேபிளை எல்லாம் ஆஃபில் இருக்கும்போதே மாட்டுங்கள்.

‘தப்பான பொருளை வாங்கிட்டேனா’ என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இந்தப் பணத்துக்கு நல்ல தேர்வு. ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட் போதும், ஏஎம்டி கேட்பதே 450 வாட் எஸ்எம்பிஎஸ்தான். கேம் ஓடும்போதுகூட உங்கள் சிஸ்டம் மொத்தம் 300 வாட்டைத் தாண்டாது. கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் பி450-இல் 3.0 தான், கார்டு 4.0 என்பதால் கொஞ்சம் வேகம் குறையும், 8 ஜிபி மெமரி இருப்பதால் 1080பி-யில் உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. டிஸ்ப்ளே வந்ததும் பயாஸுக்குள் போய் ரேம் 16 ஜிபி காட்டுகிறதா, பிராசசர் சூடு எவ்வளவு என்று பாருங்கள். சென்னை வெயிலில் பயாஸில் 45, 50 டிகிரி காட்டுவது சாதாரணம். சில நொடியில் 80, 90 என்று ஏறினால் உடனே அணைத்துவிட்டு கூலரைப் பாருங்கள், ஒரு மூலை ஸ்க்ரூ இறங்கியிருக்காது. விண்டோஸ் போட்டு, ஏஎம்டி தளத்திலிருந்து சிப்செட், கிராபிக்ஸ் டிரைவர் இரண்டையும் போட்ட பிறகு, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை பயாஸில் ஆன் செய்யுங்கள். அதுவரை உங்கள் 3200 ரேம் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். முதல் நாளே ஆன் செய்தால், பிரச்சினை வரும்போது காரணம் ரேம் வேகமா வேறு ஏதாவதா என்று பிரிக்க முடியாது.

இத்தனையும் பார்த்து, பயாஸ் எண்ணும் சரியாக இருந்து, இரண்டு ரேமையும் தனித்தனியே போட்டும் வெளியே வைத்தும் வரவில்லை என்றால், அப்போது போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ் மூன்றில் ஒன்று. அதை வீட்டிலிருந்து பிரிக்க மாற்றுப் பொருள் வேண்டும், உங்களிடம் இல்லை. மொத்தத்தையும் பில்லோடு கடைக்கு எடுத்துப்போய், வேறு எஸ்எம்பிஎஸ், வேறு பிராசசர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘போர்டு போயிடுச்சு’ என்று நீங்களே சொல்லிவிடாமல், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். போகும் முன் எல்லாப் பெட்டியின் சீரியல் நம்பரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ரேமை ஏ2, பி2-வுக்கு மாற்றி, மேல் மூலை 8 பின்னையும் எச்டிஎம்ஐ எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இன்னும் வராவிட்டால் மூன்று விவரம் எழுதுங்கள்: போர்டின் முழு மாடல் பெயர், எரியும் எல்இடிக்குப் பக்கத்து எழுத்து, ஸ்டிக்கரில் இருக்கும் பயாஸ் எண். பார்த்துவிட்டு அடுத்தது என்ன என்று சொல்கிறேன்.